எஸ்பிரெஸோ இயந்திரம் மக்கர் செய்யும்போது: அறிகுறியிலிருந்து உதிரிபாகம் வரை

வீட்டில் புழங்கும் எஸ்பிரெஸோ இயந்திரம் பழுதானால் பெரும்பாலோர் முதலில் விலை விசாரிப்பது புதிய பம்புக்குத்தான். ஆனால் கழற்றிப் பார்த்தால், கெட்டுப்போனது இறுகிய ரப்பர் வளையமாகவோ, உப்புப் படிந்து தூர்ந்துபோன ஒரு சிறு துளையாகவோ இருப்பதே வழக்கம். ஆகவே எந்த உதிரிபாகத்தை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், தொட்டியிலிருந்து புறப்பட்ட தண்ணீர் எந்த இடம்வரை வந்து நின்றது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவை அதற்காகவே.

இங்கே சொல்லப்படுபவை காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற, ஒற்றை பாய்லரும் அதிர்வு பம்பும், மின்காந்தத்தால் திறந்து மூடும் மூவழி சொலினாய்டு வால்வும் கொண்ட இயந்திரங்களுக்கு உரியவை. இவற்றில் தண்ணீர் செல்லும் பாதை எளிது. தொட்டியிலிருந்து உறிஞ்சுகுழாய் வழியாகப் பம்புக்கு வருகிறது. பம்பைத் தாண்டியதும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று இருக்கிறது, அது மிகுதியான தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. மீதி பாய்லருக்குள் சென்று சூடாகி, சொலினாய்டு வால்வு திறக்கும்போது கைப்பிடி பொருந்தும் இடமான குரூப் ஹெட்டுக்கு வந்து, ஷவர் ஸ்கிரீன் எனப்படும் சல்லடையின் வழியே காபித் தூளின் மேல் விழுகிறது. மூவழி வால்வு மூடும்போது பாய்லரின் வழியை அடைப்பதோடு, தூளின் மேல் தேங்கிய அழுத்தத்தையும் கீழே உள்ள கழிவுத் தட்டுக்குத் திறந்துவிடுகிறது. இந்தப் பாதையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிப் பழுதுகளை மூடியைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

மூடியைத் திறக்க வேண்டி வந்தால், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, பால் நுரைக்க உதவும் ஆவிக்குழாயின் திருகைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பாய்லரின் நீராவி கையில் பட்டால் தோல் வழன்றுவிடும்.

பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

இதுவே அடிக்கடி வரும் புகார். பம்பின் மேல் அநியாயமாகப் பழி விழுவதும் இங்கேதான். முதலில் தொட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உறிஞ்சுகுழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, அதன் முனையில் உள்ள வடிகட்டி பாசி பிடித்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கத் தொட்டிக்குள் போடும் மென்னீர்க் குப்பியைப் புதிதாக மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஊறவைக்காமல் உலர்ந்த நிலையில் மாட்டிய குப்பி காற்றை அடைத்து வைத்துக்கொண்டு பம்புக்குத் தண்ணீரே விடாது.

அடுத்தது காற்றடைப்பு. தொட்டி ஒருமுறை முழுவதும் வற்றிப்போனால் பம்புக்குள் காற்று புகுந்துவிடும். அதிர்வு பம்ப் தண்ணீரைத் தள்ளுவதில் கெட்டிக்காரன், காற்றைத் தள்ளுவதில் மிகவும் சோப்ளாங்கி. எதிரே மூடிய பாய்லர் இருந்தால் அதனால் காற்றை நகர்த்தவே முடியாது. ஆகவே ஆவிக்குழாயின் திருகை முழுவதும் திறந்து, சுடுநீர் எடுக்கும் முறையில் பம்பை அரை நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால், ஊசியில்லாத ஒரு சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து உறிஞ்சுகுழாயின் முனையில் பொருத்தி மெல்ல உள்ளே செலுத்திக்கொண்டே பம்பை இயக்குங்கள். காற்றை அடித்துக்கொண்டிருந்த பம்பின் கடகட ஒலி, தண்ணீர் பிடித்தவுடன் சட்டென்று தணிந்து கனத்துவிடும். அந்த ஒலி மாற்றத்தைக் காது பழகிக்கொள்வது பல நேரங்களில் மீட்டரைவிடப் பயன்படும்.

காற்று இல்லை என்று தெரிந்த பிறகு அடைப்பு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவிக்குழாயில் சுடுநீர் தாராளமாக வந்து, குரூப் ஹெட்டில் மட்டும் வரவில்லை என்றால், பம்பும் பாய்லரும் நன்றாக இருக்கின்றன. குறை சொலினாய்டு வால்விலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. இரண்டிலும் வராமல், தொட்டிக்குத் திரும்பும் குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால், பம்ப் முழு வலுவோடு வேலை செய்கிறது, முன்னே வழிதான் இல்லை என்று பொருள். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வே மூடாமல் திறந்து நின்றுவிட்டாலும் இதே அறிகுறி வரும். இரண்டிலும் வராமல் திரும்பும் குழாயும் வறண்டிருந்தால் மட்டுமே பம்பைச் சந்தேகிக்கலாம். மூடியைத் திறக்காமல் ஓரிரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, தேவையற்ற பம்ப் ஒன்றின் விலையை மிச்சப்படுத்தும்.

சொலினாய்டைச் சோதிக்க, காபி சுவிட்சை அழுத்தும்போது 'டக்' என்ற மெல்லிய ஒலி வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒலி வந்தும் தண்ணீர் வராவிட்டால் வால்வுக்குள் அடைப்பு. ஒலியே இல்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வால்வை இயக்கும் கம்பிச்சுருளான காயிலின் இரு முனைகளையும் மல்டிமீட்டரில் பாருங்கள். தொடர்ச்சி காட்டாமல் திறந்த சுற்றாக இருந்தால் காயில் எரிந்துவிட்டது. காயில் மட்டும் தனியாகக் கிடைப்பதால் வால்வு முழுவதையும் மாற்றத் தேவையில்லை. அடைப்பாக இருந்தால் வால்வைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும் சிறு உலோகத் தண்டையும், அது உட்காரும் துளையையும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, மெல்லிய நைலான் இழையால் துளையைக் குத்திவிடுங்கள். ஊசியையோ கம்பியையோ பயன்படுத்த வேண்டாம். துளையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வால்வு பிறகு ஒருபோதும் சரியாக மூடாது. திரும்ப மாட்டும்போது, பாய்லரோடு அது சேரும் இடத்தில் உள்ள சிறிய ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

பம்ப் சத்தமே இல்லை

ஒலியே எழவில்லை என்றால் கொஞ்ச நேரம் காத்திருங்கள். இவ்வகை இயந்திரங்களில் பரவலாக இருக்கும் இத்தாலியத் தயாரிப்பான உல்கா ஈபி5 பம்ப், இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. உப்பு நீக்கும்போது தொடர்ந்து ஓட்டினால் அதன்மேல் செருகியிருக்கும் வெப்பப் பாதுகாப்பான் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆறிய பிறகு தானாக உயிர் பெறும். ஆறியும் ஓடாவிட்டால் பாதுகாப்பானையும் சுவிட்சையும் இணைப்புக் கம்பிகளையும் மீட்டரில் பாருங்கள். ஆனால் பம்பின் காயிலைச் சாதாரண மின்தடை அளவில் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. உள்ளே ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு ஒன்று இருப்பதால், நல்ல பம்பும் மீட்டரில் இறந்ததுபோலவே காட்டக்கூடும். அதன் முனைகளுக்கு 230 வோல்ட் வந்து சேர்கிறதா என்று, பழகிய எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. மின்சாரம் வந்தும் ஓடவில்லை என்றால் புதியது வாங்கலாம். பிரித்துச் சரிசெய்யும் உழைப்புக்கு இந்தப் பம்ப் தகுதியானதல்ல.

காபி சொட்டுச் சொட்டாக விழுகிறது, அல்லது கொட்டிவிடுகிறது

இரண்டிலும் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் தூளைக் குறை சொல்லுங்கள். போர்ட்டாஃபில்டரை, அதாவது தூள் போடும் கிண்ணம் உள்ள கைப்பிடியை, மாட்டாமல் தண்ணீரை ஓட்டிப் பாருங்கள்; சல்லடையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சீராகத் தண்ணீர் விழுந்தால் இயந்திரம் நலமாக உள்ளது, சொட்டுவதற்குக் காரணம் தூள் மிக நைசாகவோ அளவுக்கு மிஞ்சியோ இருப்பதுதான். நம் ஊர் டிகாக்ஷனுக்காக அரைத்த தூள் எஸ்பிரெஸோவுக்குப் பெரும்பாலும் பருமன், கொட்டிவிடும். சிக்கரி கலந்த தூளோ ஈரம் பட்டதும் பிசுபிசுத்து வழியை அடைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு அரவையைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் விழுந்தாலோ, கோணலாகப் பீய்ச்சினாலோ சல்லடையைக் கழற்றுங்கள். காஜியாவில் நடுவில் இருக்கும் ஒரே திருகை எடுத்தால் அது வந்துவிடும். அதற்கு மேலே தண்ணீரைப் பரப்பும் தட்டு இரண்டு ஆலன் திருகுகளில் நிற்கிறது. பல மாதம் கழற்றாத தட்டின் மேற்புறத்தில் கறுத்து, சிக்கு நாற்றமடிக்கும் காபி எண்ணெய் கெட்டியாகப் படிந்திருக்கும். காபி எந்தத் தூளைப் போட்டாலும் கசக்கிறது என்ற புகாருக்கும் பல வீடுகளில் காரணம் இதுவே. காபி இயந்திரங்களுக்கென்று விற்கும் சுத்திகரிப்புப் பவுடரை வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தால் கழன்றுவிடும். அலுமினியத் தட்டாக இருந்தால் அவ்வளவு நேரம் விடாதீர்கள். காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும்.

தூள் சரியாக இருந்தும் காபி கொட்டினால் அழுத்தம் குறைந்திருக்கலாம். துளையில்லாத தட்டைப் போர்ட்டாஃபில்டரில் போட்டுப் பம்பை ஓட்டுங்கள். சில விநாடிகளில் பம்பின் ஒலி தாழ்ந்து இறுக வேண்டும், திரும்பும் குழாயில் தண்ணீர் வரத் தொடங்க வேண்டும். ஒலி மாறுவதற்கு முன்பே தண்ணீர் திரும்பினால் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் இருக்கையில் உப்புத் துகள் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. எஸ்பிரெஸோவுக்கு இத்தாலியில் வகுத்த அளவு 9 பார் அழுத்தம், 25 விநாடி, 25 மில்லிலிட்டர், 7 கிராம் தூள். பம்பின் மேல் 15 பார் என்று அச்சிட்டிருப்பது அதனால் தள்ளக்கூடிய உச்சத்தைக் குறிக்கிறது. அது காபிக்குத் தேவையான அளவல்ல. ஆகவே அளவுமானி இல்லாமல் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவது வேண்டாம்.

கைப்பிடியின் விளிம்பில் கசிகிறது

குரூப் கேஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையம் வெப்பத்தில் கிடந்து கிடந்து கல்லாக இறுகிவிடும். முன்பு நேர் எதிரே நிற்கும்போது இறுகிய கைப்பிடி இப்போது வலப்புறம் வெகுதூரம் தள்ளினால்தான் இறுகுகிறது என்றால் காலம் முடிந்துவிட்டது. இன்னும் வலுவாகத் தள்ளிக் கசிவை நிறுத்த நினைப்பவர்கள் ரப்பருக்குப் பதிலாகக் கைப்பிடியின் காதுகளைத் தேய்க்கிறார்கள். தினமும் பயன்படுத்தும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டிய பொருள் இது. அதற்கு முன் ஒரு முறை, கேஸ்கெட்டின் அடிப்பக்கத்தையும் வடிகட்டிக் கிண்ணத்தின் விளிம்பையும் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் காபித் துகளே கசிவுக்குப் போதுமானது.

பழைய கேஸ்கெட் சில நேரம் லேசில் வராது. சல்லடையையும் பரப்புத் தட்டையும் எடுத்துவிட்டு, ரப்பரில் ஒரு மரத் திருகைச் சிறிது இறக்கி, குறடால் திருகைப் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாகவாவது வந்துவிடும். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசிறுகளைக் குச்சியால் சுரண்டி எடுக்காமல் புதியதை மாட்டினால் அன்றே கசியும். புதியது வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாமல் வெளி விட்டம், உள் விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து சொல்லுங்கள். 58 மி.மீ. வடிகட்டிக் கிண்ணம் கொண்ட இயந்திரங்களில் 73 மற்றும் 57 மி.மீ. விட்டம் பரவலாக இருந்தாலும், தடிமனில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கைப்பிடி நிற்கும் இடத்தையே மாற்றிவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியைக் கழற்றும்போது தூள் தெறிக்கிறது, அல்லது சும்மா இருக்கும்போதே குரூப்பில் சொட்டுகிறது

தூள் தெறித்தால் மூவழி வால்வின் வெளியேற்றும் வழி அடைத்திருக்கிறது. காபி எடுத்து நிறுத்தியவுடன் கழிவுத் தட்டில் 'புஸ்' என்று தண்ணீர் பாய வேண்டும். துளையில்லாத தட்டில் அரைத் தேக்கரண்டி சுத்திகரிப்புப் பவுடர் போட்டு, பத்து விநாடி ஓட்டி, பத்து விநாடி நிறுத்தி, ஐந்து முறை செய்யுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அதேபோல் கழுவுங்கள். மூவழி வால்வு இல்லாத மலிவு இயந்திரங்களில் இதைச் செய்யக் கூடாது. அழுத்தம் போக வழியிருக்காது. சும்மா இருக்கும்போது சொட்டினால் அதே வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். மேலே சொன்னபடி கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஆவிக்குழாயில் சொட்டினால் அதன் திருகின் அடியில் உள்ள வாஷரை மாற்றுங்கள். ஆவி பலவீனமாக வந்தால் நுனித் துளைகளில் பால் காய்ந்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் போதும்.

சூடாகவில்லை, அல்லது அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது

பாய்லரின் மேல் இரண்டு தெர்மோஸ்டாட்கள் இருக்கும்; காஜியாவில் காபிக்கானது 107 பாகையிலும் ஆவிக்கானது 145 பாகையிலும் மின்சாரத்தைத் துண்டிக்கின்றன. ஆறிய நிலையில் இரண்டுமே மீட்டரில் தொடர்ச்சி காட்ட வேண்டும், காட்டாததை மாற்றுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால் வெப்பம் எல்லை மீறினால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸைப் பாருங்கள். அது போயிருந்தால், புதியதைப் போடும் முன் ஏன் போனது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும், ஆவி எடுத்த பிறகு பாய்லரை நிரப்பாமல் விட்டதுதான் காரணம். ஃபியூஸ் கைவசம் இல்லை என்று கம்பியை நேராக இணைத்து ஓட்டும் வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அலுமினிய பாய்லர் கொண்ட காஜியா கிளாசிக்கில் ஹீட்டர் அதன் உடலிலேயே பதிந்திருப்பதால், ஹீட்டர் போனால் பாய்லரையே மாற்ற வேண்டும். அந்த விலைக்கு இயந்திரத்தின் வயதையும் சேர்த்து யோசிக்கலாம்.

சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் ஆகிறது

உடனே ட்ரிப் ஆனால் ஏதோ ஓர் இணைப்பின் மேல் தண்ணீர் சொட்டுகிறது. மேல் ஓ-ரிங்குகளைப் பாருங்கள், உலர்த்திய பிறகு மீண்டும் முயலுங்கள். சூடாகி ஓரிரு நிமிடம் கழித்து ட்ரிப் ஆனால் ஹீட்டருக்குள் ஈரம் ஏறியிருக்கிறது. ஹீட்டரின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பாய்லர் உடலுக்கும் அதன் முனைக்கும் இடையே, மின்காப்பைச் சோதிக்கும் மெக்கரில் அளக்க வேண்டும். சாதாரண மீட்டர் இதைப் பிடிக்காது. ட்ரிப் ஆகாமலிருக்க எர்த் பின்னை உடைத்துப் போடுவது நம்மிடையே உள்ள மோசமான பழக்கம். தண்ணீரும் உலோகமும் சேர்ந்த இயந்திரத்தில் அது உயிருக்கே ஆபத்து. 1,100 முதல் 1,450 வாட் வரை இழுக்கும் இயந்திரங்கள் இவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அடாப்டரில் செருகாமல், 16 ஆம்பியர் பிளக்காக மாற்றிப் பயன்படுத்துங்கள்.

உப்பும் தண்ணீரும்

மேலே சொன்ன அடைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள். ஆழ்துளைக் கிணற்று நீரை நேராக ஊற்றினால் சில மாதங்களிலேயே வால்வு தூர்ந்துவிடும். ஆர்ஓ நீர் அடைக்காது, ஆனால் உப்பே இல்லாத நீர் உலோகத்தை அரிக்கும், காபியும் சப்பென்று இருக்கும். மேலும் தண்ணீர் மட்டத்தை மின்முனையால் அறியும் பெரிய இயந்திரங்கள், மின்சாரம் கடத்தாத அந்த நீரைத் தண்ணீர் என்றே உணராது. ஆர்ஓ கருவியில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவு) திருகு இருந்தால் சிறிது மூலநீர் கலக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிடிஎஸ் எண் எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்கிறது. படிவது கடினத்தன்மை தரும் உப்பு மட்டுமே. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைத் துளிகளே இதற்குச் சரியான கருவி.

உப்பு நீக்க, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 20 கிராம் அளவில் கரைத்து, பாய்லரை நிரப்பி, ஹீட்டரை அணைத்த நிலையில் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலசுங்கள். அலுமினிய பாய்லரில் அதற்கு மேல் ஊறவிடாதீர்கள். நீண்டகாலம் உப்பு நீக்காத இயந்திரத்தில் ஓர் அபாயம் உண்டு: பாய்லர் சுவரிலிருந்து உரிந்த செதில்கள் நேராகச் சொலினாய்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும், நேற்றுவரை ஓடிய இயந்திரம் சுத்தம் செய்த அன்றே நின்றுவிடும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் சல்லடையையும் பரப்புத் தட்டையும் முன்கூட்டியே கழற்றிவிட்டு, கரைசலின் பெரும்பகுதியை ஆவிக்குழாய் வழியாகவே வெளியேற்றுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

இரண்டு குரூப் கேஸ்கெட், ஒரு சல்லடை, சொலினாய்டுக்கான ஓ-ரிங்குகள், பாய்லரின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையம், ஒரு தெர்மல் ஃபியூஸ், உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் ஒரு சிறு டியூப் ஆகியவை வீட்டில் இருந்தால் போதும். பம்பையும் காயிலையும் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியதில்லை. மின்பாகம் எதுவானாலும் அதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் படித்துப் பாருங்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பும் பம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸாக இருக்கும், நம் 230 வோல்ட்டில் உடனே கருகிவிடும். சல்லடை, கேஸ்கெட் போன்ற மின்சாரம் தொடாத பாகங்களை எந்த நாட்டிலிருந்தும் தயங்காமல் வாங்கலாம்.